ஐம்புலன் பூங்காவுக்கு ஒரு பார்வைக் குழு

மூலக்குளத்தில் பார்வையற்ற மாணவர்களுக்கான பள்ளியில் அறிவியல் நடத்தும் தையல்நாயகி டீச்சர் அரசாங்கத்திடம் கேட்டது ஐம்பது அடி ரப்பர் டியூப். அவ்வளவுதான். அரசாங்கத்திடம் எதையும் சின்னதாகக் கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. பெரிய மார்க்கெட்டில் போய்க் கால் கிலோ வெண்டைக்காய் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் காதில் வாங்கவே மாட்டார். மூட்டை வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், உட்கார ஸ்டூல் வரும், டீ வரும்.

டியூப் எதற்கென்றால், பள்ளிச் சமையல்கட்டின் பின்பக்கம் இரண்டு ஆட்டோ நிறுத்துகிற அளவு மண் இருந்தது. அதில் கொளஞ்சி என்பவர் செடி வைத்திருந்தார். கொளஞ்சி அந்தப் பள்ளியில் பதினாறு வருடமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கிற தோட்டக்காரர். அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றி ஊற்றி அவருக்குத் தோள் இறங்கிவிட்டது. கற்பூரவல்லி, திருநீற்றுப்பச்சிலை, கறிவேப்பிலை, பிரண்டை, முள்ளுக் கத்திரி, காந்தாரி மிளகாய் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. டீச்சர் தாவரப் பாடத்தை அங்கேதான் நடத்துவார். டீச்சருக்கும் பார்வை கிடையாது. இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, சில சமயம் தின்று, பிள்ளைகள் பாடம் படித்தார்கள். அந்த இடத்தை அவர்கள் தோட்டம் என்றார்கள். வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாவது படிக்கிற கவிநிலாவுக்கு மட்டும் அங்கே தனிப் பாத்தி ஒன்று உண்டு. பாகூர்ப் பக்கத்து விவசாயி கோவிந்தசாமியின் மகள். வீட்டில் இரண்டு காணி நெல். ஒவ்வொரு தீபாவளி லீவிலும் சம்பா களையெடுப்பு நடக்கும். வீட்டிலே எல்லாரும் சேற்றில் இறங்குவார்கள், இவளை மட்டும் வரப்பில் உட்கார்த்தி வைத்துவிடுவார் அப்பா. "நெல்லு எது, புல்லு எதுன்னு கண்ணு இருக்கறவனுக்கே தடுமாறும். நீ உக்காரும்மா, காக்கா ஓட்டு" என்பார். கண்ணுக்குத் தெரியாத காக்காயை எப்படி ஓட்டுவது என்பதை அவர் சொல்லித் தரவில்லை.

கவிநிலா வந்து கொளஞ்சியிடம் முறையிட்டாள். கொளஞ்சி குழி வெட்டித் தார்ப்பாய் விரித்து, சேறு குழப்பி, நெல் நட்டார். நெல் இருந்தால் போதுமா, களை வேண்டாமா? வில்லியனூருக்கு அந்தப் பக்கம் தம்பி வயலுக்குப் போய், நெல்லைப் போலவே இருக்கும் குதிரைவாலிப் புல்லை வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார். கண்டக்டர் என்ன மூட்டை என்று கேட்டதற்கு "களை" என்றார். கண்டக்டர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"எலையும் தண்டும் சேர்ற எடத்துல நகத்த வையி" என்றார் கொளஞ்சி. "என்னா இருக்கு?"

"பொடிசா நாக்கு மாதிரி ஒண்ணு தடவுது மாமா. பக்கத்துல மயிரு மாதிரி சுனையா இருக்கு."

"அது நெல்லு. இப்ப இதத் தொடு."

"வழுக்குது. நாக்கே இல்ல."

"அதான் புல்லு. மேலுக்குப் பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி. வெரலு வச்சாதான் வேசம் தெரியும்."

தீபாவளிக்குள் பத்துக்குப் பத்து சரியாகப் பிடுங்க வேண்டும் என்பது கவிநிலாவின் கணக்கு. ஆகஸ்டில் பத்துக்கு ஆறு வந்திருந்தது.

அப்போதுதான் டீச்சரின் கடிதம் தட்டாஞ்சாவடியில் இருக்கும் புலன் மேம்பாட்டு இயக்ககத்தில் நடக்கத் தொடங்கியது. முதல் மேசையில், செடிகளுக்கு நீர் தேவைப்படுகிறது என்று எழுதினார்கள். இரண்டாவது மேசையில், பள்ளியில் செடிகள் உள்ளனவா எனக் கேட்டு எழுதினார்கள். மூன்றாவது மேசையில், பார்வையற்றோர் பள்ளியில் செடிகளின் தேவை என்ன என்று வியந்தார்கள். நான்காவது மேசையில் இருந்தவர் வெளிநாடு போய் வந்தவர். அவர், உலகத் தரத்தில் ஐம்புலன் பூங்கா அமைக்கலாமே என்று எழுதிவிட்டார். டியூப் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

இயக்குநர் விஜயராகவன் இரண்டு கார்களில் வந்தார். ஒரு காரில் அவர், இன்னொன்றில் அவருடைய சால்வை. பிள்ளைகளைப் பிரார்த்தனைக் கூடத்தில் உட்காரவைத்து உரையாற்றினார்.

"அன்புச் செல்வங்களே! உங்களுக்குக் கண்ணில்லைன்னு யாரும் கலங்க வேணாம். நாங்க இருக்கோம். நீங்க எதையும் தேட வேணாம், எதையும் தொட வேணாம், எதையும் கேக்க வேணாம். எல்லாத்தையும் உங்களுக்காக நாங்களே பாத்துக்குவோம். அதுக்குத்தான் அரசாங்கம்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பேச்சு முடிந்தால் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம்.

புலன் ஐந்து என்பதால் ஐந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. பட்டியலைப் படித்துக் காட்டியபோது தையல்நாயகி டீச்சர் எழுந்தார்.

"சார், முதல்ல பார்வைக் குழுன்னு வந்துச்சே. அது எதுக்கு சார்?"

"அம்மா, புலன் எத்தனை?"

"அஞ்சு சார்."

"நாலோட நிறுத்துனா ஒண்ணு எங்கன்னு ஆடிட்டுல கேப்பாங்களா மாட்டாங்களா?"

டீச்சர் உட்கார்ந்தார்.

ஐந்தில் பெரியதும் சுறுசுறுப்பானதும் பார்வைக் குழுதான். பூங்கா வில்லியனூர் சாலையில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று அது முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தது. ஆகவே பூங்கா முன்வாசலுக்கு வந்தது. பாரம்பரிய ஆலோசகராக முசியே அந்துவான் அழைக்கப்பட்டார். பிரெஞ்சுப் பள்ளியில் நாற்பது வருடம் ஓவியம் நடத்தி ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமலே சுவரைச் சுற்றிவந்து, "மஞ்சள்! கடுகு மஞ்சள்! ஓரத்துல வெள்ளை. இல்லாட்டி இது புதுச்சேரியே இல்லை, மதாம்" என்று டீச்சரிடம் சொன்னார். கடற்கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளி ஒரே வாரத்தில் பிரெஞ்சுக்காரர் வீடாயிற்று. பிறகு மூன்று நிறத்தில் மாறி மாறி ஒளிரும் நீரூற்று. செல்ஃபி எடுக்க இறக்கை வரைந்த சுவர்.

மணக் குழு செடி வாங்கப் போயிற்று. அரசுக்குச் செடி தர ஒப்பந்தமானவரிடம் குரோட்டன்ஸ் மட்டுமே இருந்தது. பல நிறத்தில் நானூறு தொட்டிகள் இறங்கின. கொளஞ்சி ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தார்.

"அய்யா, இதுல ஒண்ணுத்துலயும் வாசன வல்லீங்களே."

"அதுக்கு ஏற்பாடு இருக்கு" என்றார் குழுத் தலைவர். ஏற்பாடு மறுநாள் அட்டைப்பெட்டிகளில் வந்தது. குளியலறையில் அடிக்கிற வாசனை டப்பாக்கள். மல்லிகை, லாவண்டர், எலுமிச்சை. தினம் காலை எந்தச் செடிக்கு எந்த வாசனை அடிக்க வேண்டும் என்று கொளஞ்சியிடம் ஓர் அட்டவணையும் தரப்பட்டது. வெள்ளிக்கிழமை மட்டும் எல்லாவற்றுக்கும் சந்தனம்.

ஒலிக் குழு வந்து பார்த்தபோது வேப்பமரத்தில் கிளிகளும் மைனாக்களும் கத்திக்கொண்டிருந்தன. பதிவு செய்த குயில் ஓசை இதில் எடுபடாது என்று கருதி, பறவைகளை விரட்டப் பட்டாசு வெடித்தார்கள். அமைதியானதும் நாலு மூலையிலும் ஒலிபெருக்கி கட்டிக் குயிலைக் கூவவிட்டார்கள். சுவைக் குழு மூன்று அமர்வு உட்கார்ந்து, போண்டா சாப்பிட்டு, எதையும் சுவைக்காதீர் என்று ஒரு பலகை வைத்துக் கலைந்தது.

தொடுதல் குழுதான் ரொம்பத் திணறியது. தொட்டால் இலை கிழியும், இலை கிழிந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. கடைசியில் சுற்றிலும் கம்பி வேலி போட்டு, கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, விண்ணப்பிப்போர் வாரம் ஒருமுறை ஒரு செடியை மேற்பார்வையில் தொடலாம் என்று விதி செய்தார்கள். செடிப் பெயர்கள் பிரெய்லில் வேண்டும் என்று டீச்சர் விடாமல் எழுதியதால் அதுவும் வந்தது. ஃப்ளெக்ஸில் அச்சடித்துப் பத்தடி உயரத்தில் கட்டினார்கள்.

டீச்சர் கொளஞ்சியை ஏணியில் ஏற்றித் தடவிப் பார்க்கச் சொன்னார்.

"வழவழன்னு இருக்கு டீச்சர். புள்ளி படமா இருக்கு, மேடா இல்ல."

டீச்சர் போனில் இயக்குநரிடம் சொன்னார். பதில் உடனே வந்தது: "நானே நேர்ல வந்து செக் பண்ணேன் மேடம். ஒரு கிலோமீட்டர் தூரத்துலேர்ந்து புள்ளி தெளிவாத் தெரியுது."

இதெல்லாம் நடந்தபோது கொளஞ்சி குழம்பினாரே தவிர வருந்தவில்லை. பெரியவர்கள் முன்வாசலில் என்னவோ செய்கிறார்கள், பின்பக்கம் நமக்கு இருக்கிறது என்று நினைத்தார். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு சர்வேயர் வந்து பின்பக்கம் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு கறிவேப்பிலை மரத்துக்கு அந்தப் பக்கத்தில் தொடங்கி, நெல் பாத்தியின் நடுவே நடந்து, சமையல்கட்டுச் சுவரில் முட்டியது.

"இது இன்னாங்க?"

"கார் பார்க்கிங். பூங்கான்னா ஜனங்க வருவாங்க, வண்டி வருமில்ல."

கொளஞ்சி அன்று சாயங்காலமே தட்டாஞ்சாவடிக்குப் பஸ் ஏறினார். இயக்குநர் அறையில் குளிர்ச்சி அதிகம். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மரியாதைக்குப் பாதி, நடுக்கத்துக்குப் பாதி.

"அய்யா, பின்னால இருக்குற தோட்டத்த மட்டும் வுட்டுடுங்க. புள்ளைங்க அங்கதான் படிக்குது."

விஜயராகவன் வரைபடத்தை விரித்தார். "எங்க தோட்டம்? பிளான்ல பூங்கான்னா பச்சைக் கலரு. முன்னாடி இருக்கு பாரு பச்சை. பின்னாடி வெள்ளை. வெள்ளைன்னா காலி இடம்."

"காலி இல்லீங்க. கத்திரி இருக்கு, பெரண்ட இருக்கு, நெல்லு இருக்கு…"

"நெல்லா? மூலக்குளத்துலயா? நீ விவசாயத் துறைக்குப் போகணும்பா, இது புலன் துறை."

"ஒரு பொண்ணு களை எடுக்கப் பழகுதுங்க. தீபாவளி வரைக்குமாச்சும்…"

"கண்ணு தெரியாத பொண்ணு களை எடுக்குதா?" இயக்குநர் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையான அக்கறை. "ஏன்யா அந்தப் புள்ளைய சேத்துல இறக்கிக் கஷ்டப்படுத்துறீங்க? அதுக்குத்தானே இத்தனை பேரு ராத்திரி பகலா ஒரு பூங்கா கட்டிக்கிட்டு இருக்கோம்?"

பொக்லைன் வண்டி விழாவன்று வேறோர் ஊரில், வேறொரு பிரமுகருக்கு உயரத்திலிருந்து பூத்தூவ அமர்த்தப்பட்டிருந்ததால், பின்பக்கத்தை மறுநாள் இடிப்பதென்று முடிவாயிற்று. அதுவரை, பூங்காவைத் திறந்துவைக்க வரும் அமைச்சரின் கண்ணில் சமையல்கட்டு படக் கூடாதென்று பின்பக்கத்தைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டினார்கள். ஒரு மூலையில் மட்டும் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வரப் போக இடைவெளி.

கொளஞ்சி கவிநிலாவிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பாத்தியில் கையை விட்டு ஒரு புல்லைப் பிடுங்கினாள்.

"இப்ப பத்துக்கு எட்டு வருது மாமா" என்றாள்.

"தெரியும்."

"மண்ண வேற எடத்துக்கு மாத்த முடியாதா?"

"எடம் எங்க இருக்கு? முன்னால போட்டுருக்கறது பூங்கா."

ஒத்திகை மூன்று நாள் நடந்தது. மாணவர்கள் அமைச்சரைக் கைப்பிடித்துப் பூங்காவுக்குள் அழைத்துச் செல்வதுதான் நிகழ்ச்சியின் உச்சம். ஆனால் படிக்கிற பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, இயக்ககத்தின் கிளார்க்குகள் மாணவர்களாக நடித்தார்கள். பன்னிரண்டு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வளைந்து நெளிந்து, மிகையாகத் தடவித் தடவி நடந்தார்கள். அமைச்சராக நடித்த அலுவலக உதவியாளர் ராஜ்கமலுக்கு மூன்று நாளும் சால்வை போர்த்தப்பட்டது. அந்த மூன்று நாளில் நிஜப் பிள்ளைகள் பூங்கா இருக்கும் திசைக்கே போகவில்லை. கேட் பூட்டியிருந்தது. விண்ணப்பப் படிவமும் இன்னும் அச்சாகி வரவில்லை.

விழாவன்று காலை கொளஞ்சி அட்டவணைப்படி நானூறு தொட்டிக்கும் வாசனை அடித்து முடித்தபோது அவருக்குத் தலை சுற்றியது. அமைச்சர் பதினொன்றரைக்கு வந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, விளக்கவுரை. விளக்கவுரையில் விஜயராகவன் புதிதாக ஒன்றை அறிவித்தார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்கள் இந்தக் குழந்தைகளின் இருட்டைத் தானும் அனுபவிக்க விரும்புகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றப் போகிறார்கள். இதுக்கு முன்னாடி எத்தனையோ கோப்புல நாங்க கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கோம். கண்ணை மூடிக்கிட்டு நடக்கறது இதுதான் முதல் தடவை."

அமைச்சர் கண்ணில் கறுப்புப் பட்டுத் துணி கட்டப்பட்டது. உடனே ஒரு சங்கடம் எழுந்தது. அமைச்சர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு நிற்பது மரியாதையா? பார்வைக் குழுத் தலைவர் முதலில் தன் கர்சீப்பை எடுத்துக் கட்டினார். மற்ற குழுக்கள் பின்தங்க விரும்பவில்லை. ஐந்தே நிமிடத்தில் இயக்குநர் உட்பட பதினேழு பேர் கட்டிக்கொண்டார்கள். துணி கிடைக்காத ஒருவர் கழுத்துச் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டார். அமைச்சரோடு வந்தவர்களில் கண் திறந்திருந்தவர் போட்டோக்காரர் ஒருவர்தான். அவருக்கு அமைச்சரின் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்க உத்தரவில்லை.

"பாப்பா" என்று இயக்குநர், முன்வரிசையில் நின்ற கவிநிலாவின் குரல் வந்த திசைக்குக் கையை நீட்டினார். "ஐயாவைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போம்மா."

கவிநிலா அமைச்சரின் கையைப் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த தோட்டம் ஒன்றுதான். பிரார்த்தனைக் கூடத்தைத் தாண்டி இருபத்திரண்டு அடி, இடப்பக்கம் திரும்பி ஒரு படி இறங்கி, பருப்பு வேகிற வாசனையைப் பிடித்துக்கொண்டு நேராக. அவள் வழக்கம்போல் வேகமாக நடந்தாள். பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு பதினேழு அதிகாரிகள், அவர்கள் பக்கத்துக்கு ஒருவராக மற்றப் பிள்ளைகள்.

பூங்கா வாசலில் தாம்பாளத்தில் கத்தரிக்கோலோடு நின்ற கொளஞ்சி வாயைத் திறந்து மூடினார்.

"என்னாண்ணே, சத்தம் பின்பக்கம் போவுது?" என்றார் பக்கத்தில் நின்ற தையல்நாயகி டீச்சர்.

"டீச்சர், கவிநிலா மந்திரிய நம்ம தோட்டத்துக்கு இட்டுக்கினு போவுது."

டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "சொன்னதத்தானே செய்யுது" என்றார். "வாங்க, நாமளும் போலாம்."

பச்சைத் துணி, கண் உள்ளவர்களிடமிருந்து மறைப்பதற்காகக் கட்டியது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. இடைவெளி வழியாக எல்லாரும் உள்ளே போனார்கள்.

"இந்தாங்க சார், இதக் கசக்கி மோந்து பாருங்க" என்றாள் கவிநிலா.

"அடடா! என்னம்மா இது?"

"திருநீத்துப்பச்சிலை சார்."

"விஜயராகவன்! என்னய்யா இது, பிரமாதம்!"

இயக்குநர் இருட்டில் புளகாங்கிதம் அடைந்தார். "நம்ம மணக் குழு சார். இறக்குமதி வாசனை சார்" என்றார். மணக் குழுத் தலைவர் தன் சாதனையில் தானே மலைத்து நின்றார். தொடுதல் குழுத் தலைவர் முள்ளுக் கத்திரியைப் பிடித்துவிட்டு "ஆ!" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு நாலு பேர் கைதட்டினார்கள். சுவைக் குழுத் தலைவரிடம் ஒரு பையன் காந்தாரி மிளகாயைக் கொடுத்திருந்தான். அவரால் அடுத்த கால் மணி நேரம் கருத்துச் சொல்ல இயலவில்லை.

அமைச்சர் குழந்தையாகிவிட்டார். கற்பூரவல்லியைத் தின்றார், பிரண்டைக் கணுவை எண்ணினார். பிறகு கவிநிலா அவரைப் பாத்திக்கு நடத்தி, குனியச் சொல்லி, கையைச் சேற்றுக்குள் விட்டாள்.

"இதுல நெல்லும் இருக்கு, களையும் இருக்கு சார். தொட்டுப் பாத்துக் களைய மட்டும் எடுக்கணும்."

"எங்கிட்டயா சொல்ற? நான் விவசாயி மவன் பாப்பா!" அமைச்சர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் பின்னால் வீசினார். போட்டோக்காரர் விழுந்து விழுந்து படம் எடுத்தார்.

கவிநிலா வீசப்பட்டதில் ஒன்றை எடுத்துக் கணுவில் நகம் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"சார், நிறுத்துங்க சார். இது நெல்லு சார். களைய வுட்டுட்டு நெல்லப் புடுங்குறீங்க."

"பயப்படாத பாப்பா, எனக்குப் பழக்கந்தான்" என்றார் அமைச்சர். பாத்தியில் நெல் ஒன்றுகூட மிஞ்சாமல் போகும்வரை அவர் ஓயவில்லை.

கட்டை அவிழ்த்தார்கள். பதினேழு அதிகாரிகளும் வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தது: கரி பிடித்த சமையல்கட்டுச் சுவர், கழுவிக் கவிழ்த்த அண்டா, கொடியில் காயும் சமையல்காரம்மா மாலாவின் புடவை. விஜயராகவன் முகத்தில் ரத்தம் இல்லை. அமைச்சர் சேற்றுக் கையோடு சுற்றிலும் பார்த்தார்.

"இதான்யா" என்றார். "இதத்தான் நான் கேட்டேன். செயற்கையா ஒண்ணுமே இல்ல பாரு. அந்த அண்டா கூட எவ்ளோ இயல்பா வச்சிருக்கான்!"

"தாங்கள் சொன்னபடிதான் சார்" என்றார் விஜயராகவன். ரத்தம் திரும்பியிருந்தது. "அண்டாவுக்கே தனிக் கமிட்டி போட்டோம் சார்."

நேரமாகிவிட்டதால் அமைச்சர் போகிற போக்கில், கார்க் கண்ணாடியை இறக்கி, முன்வாசல் பூங்காவின் கல்வெட்டுத் திரையைப் பொத்தானை அமுக்கித் திறந்துவைத்தார். அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை.

மறுநாள் பொக்லைன் வரவில்லை. கொளஞ்சி பிள்ளையாருக்குச் சூடம் ஏற்றினார். அதற்கு மறுநாள் உத்தரவு வந்தது. மாண்புமிகு அமைச்சரின் பாராட்டைப் பெற்ற பின்பக்கத் தோட்டம், அவர் கண்ட நிலையிலேயே எக்காலமும் பாதுகாக்கப்பட வேண்டும். ஆளுயரக் கம்பி வேலி எழுந்தது. மாலாவின் புடவையை எடுக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. அமைச்சரின் கை பட்ட நெல் பாத்திக்குத் தனியாகக் கண்ணாடிப் பெட்டி போட்டார்கள். அதற்குள் குதிரைவாலிப் புல் மட்டும் தழைத்து நின்றது.

வேலி போட வந்த அதிகாரியிடம் கொளஞ்சி கேட்டார்: "தண்ணி மட்டும் ஊத்திக்கலாங்களா?"

"ஊத்துனா வளருமில்ல?"

"வளருங்க."

"வளந்தா அவர் கண்ட நிலை மாறுமில்ல?"

கொளஞ்சி வாளியைக் கவிழ்த்துவைத்தார். அன்று மத்தியானம் வேப்பமரத்தடியில் அவரும் டீச்சரும் கவிநிலாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஒலிபெருக்கிக் குயில் கூவிக்கொண்டிருந்தது.

"இடிச்சிருந்தாகூட மண்ணாச்சும் மிஞ்சிருக்கும் டீச்சர்" என்றாள் கவிநிலா. "தீபாவளிக்கு அஞ்சு வாரந்தான் இருக்கு. மறுபடியும் வரப்புல உக்காந்து காக்கா ஓட்ட வேண்டியதுதான்."

தையல்நாயகி டீச்சர் முன்வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கொளஞ்சிண்ணே, முன்னாடிப் பூங்காவுக்கு விழாவுக்கப்புறம் யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு காக்கா குருவி வல்ல டீச்சர். கொரோட்டன்சு பாதி காஞ்சு போச்சு. வாசன டப்பா தீந்துபோச்சு, கேட்டா அந்தக் குழுவே கலைஞ்சாச்சுன்றாங்க."

"கல்வெட்டு வச்சாச்சா?"

"வச்சாச்சு."

"திறந்தாச்சு, போட்டோ எடுத்தாச்சு, ஃபைலும் மூடியாச்சு" என்றார் டீச்சர். "அண்ணே, இனிமே அங்க ஒரு ஆபீசரு எட்டிப் பாக்க மாட்டான். எட்டிப் பாத்தா செடி செத்தது தெரியும். தெரிஞ்சா அவன்தான் அறிக்கை எழுதணும். எழுதினவன்தான் தண்ணி ஊத்தணும். இந்த மூலக்குளத்துலயே அதவிட பத்திரமான எடம் கிடையாது."

கேட்டின் சாவி தொடுதல் குழுவோடு போய்விட்டிருந்தது. சாவி தேவைப்படவில்லை. ஒப்பந்தக்காரர் போட்ட கேட் என்பதால் கொளஞ்சி ஒரு கையால் தூக்கிக் கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார். காய்ந்த தொட்டிகளைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டினார்கள். வேலிக்கு வெளியே நீண்டிருந்த கற்பூரவல்லிக் கிளையை ஒடித்து வைத்தார்கள். மற்றதெல்லாம் பிள்ளைகள் வீடுகளிலிருந்து பையில் வந்தது. மூன்று நிற நீரூற்றின் தொட்டியில் சேறு குழப்பி நெல் நட்டார்கள்; நீரூற்றுக் குழாயே பாய்ச்சவும் ஆயிற்று. கொளஞ்சி மறுபடி தம்பி வயலுக்குப் போய்க் களை மூட்டையோடு பஸ்ஸில் வந்தார். அதே கண்டக்டர். எதுவும் கேட்காமல் ஜன்னலோர இடம் கொடுத்தார்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் டீச்சருக்குப் போன் வந்தது. கோவிந்தசாமி.

"டீச்சர், எம் பொண்ணு சேத்துல எறங்கியே தீருவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சு. சரி ஒரு வரிச எடுத்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்."

"எடுத்துச்சா?"

கோவிந்தசாமி குரலைத் தாழ்த்தினார். "அது எடுத்த வரிசையில ஒரு புல்லு இல்ல டீச்சர். அப்புறம் நான் எடுத்த வரிசையத் தடவிப் பாத்துட்டு, இன்னாப்பா, மந்திரி மாதிரி புடுங்கி வச்சிருக்கேன்னு கேக்குது. அது இன்னாங்க டீச்சர், மந்திரி மாதிரி?"

ஜனவரியில், வெளி மாநிலத்திலிருந்து ஒரு குழு பின்பக்கத் தோட்டத்தைப் பார்வையிட வந்தது. விஜயராகவன் அவர்களை அழைத்துப்போய், கண்ணாடிப் பெட்டிக்குள் முறுக்கேறி நின்ற குதிரைவாலியையும், வெயிலில் நூலாகிப்போன மாலாவின் புடவையையும் விளக்கினார். குழு குறிப்பெடுத்தது. திரும்பும்போது காற்று முன்வாசல் பக்கமிருந்து அடித்தது. குழுத் தலைவி நின்றுவிட்டார்.

"ஏதோ வாசனை வருதே. மழை பேஞ்ச மண்ணு மாதிரி, துளசி மாதிரி… அங்க என்ன இருக்கு?"

விஜயராகவனுக்கும் மூக்கு உண்டு. அவர் பாதி திரும்பினார். அங்கே நீரூற்றுத் தொட்டியிலிருந்து சேற்றுக் கையோடு கவிநிலா எழுந்து நின்றாள்.

"வணக்கம் சார். இது போன வருசம் மந்திரி தொறந்து வச்ச பூங்கா சார். பிரமாதமா இருக்கு. வந்து பாக்குறீங்களா?"

இயக்குநரின் கழுத்து பாதியிலேயே நின்றது. வெயில் கூசுவதுபோல ஒரு கையை நெற்றியில் குடையாக வைத்து, அந்தக் குடையைக் கண்ணுக்கு மேல் இறக்கிக்கொண்டார்.

"தொறந்தாச்சில்லம்மா? தொறந்தாச்சுன்னா முடிஞ்சுது" என்றார். "மேடம், அது வேலை முடிஞ்ச இடம், அங்க பாக்க ஒண்ணுமில்ல. சாப்பாடு ஆறுது, வாங்க."

ஷூ சத்தம் முதலில் நடந்தது, பிறகு வேகமெடுத்தது, பிறகு கார்க் கதவுகள் மூடின. கவிநிலா கடைசிக் கதவு வரைக்கும் எண்ணினாள்.

"எல்லாரும் போயிட்டாங்க மாமா" என்றாள். "தண்ணிய வுடுங்க."